கரண்டு போன நேரம்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கரண்டு என்பது வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரர் மாதிரி. வந்தாலும் தெருவே கத்தும், போனாலும் தெருவே கத்தும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டு அடி வாங்காத பிள்ளை நம்மில் யாரும் இருக்க முடியாது. முதலில் சுவிட்சிடம் வாங்கியிருப்போம், அப்புறம் அம்மாவிடம்.

புற்றுநோய்க்குக் கொடுக்கிற கதிர்வீச்சுக்கும் நம் பக்கத்தில் அதே பெயர்தான். சுவரில் ‘கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள், “உங்குளுக்கு எத்தினி கரண்டு ஆச்சி?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நான் ரிட்டையர் ஆகும்வரை பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். முதல் நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது, கரண்டு வேறு, கதிர்வீச்சு வேறு என்று பாடம் எடுக்க வாய் துறுதுறுத்தது. குரல்தான் இல்லை.

ஆமாம், எனக்குத் தொண்டையில் வந்திருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்க் கரண்டு வைத்துக்கொண்டு திரும்புகிறேன். குரல் கரகரத்தபோது, வகுப்பில் கத்திய கத்தலுக்குத் தொண்டை இப்போது பழி வாங்குகிறது என்று நானே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்தேன். எங்கள் வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இன்னொரு தொண்டையைப் பற்றியும் இதே வேடிக்கையைத்தான் சொன்னார்கள். அதைக் காதால் கேட்டவளுக்காவது புத்தி வந்திருக்க வேண்டாமா?

கரண்டுக்கு முன்னால் தயார் செய்கிற வேலை நிறைய. முதலில் பல். கரண்டு வைத்தபிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை ஆறாதாம், அதனால் ஆட்டம் கண்டதை எல்லாம் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். அடுத்தது முகமூடி. வலை மாதிரி ஓட்டை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தகடு அது. சுடுதண்ணீரில் போட்டால் நனைந்த அப்பளம்போலத் துவளும். அதை அப்படியே நெற்றியிலிருந்து கழுத்துவரை இழுத்து முகத்தின்மேல் அமுக்குவார்கள். ஆறி இறுகியதும் அதில் என் மூக்கு இருக்கும், என் தாடை இருக்கும், பல் போன பள்ளம்கூட இருக்கும்.

ஒவ்வொரு தடவையும் மேஜையில் படுக்கவைத்து அந்த முகமூடியைப் போட்டு, மேஜையோடு சேர்த்து டக் டக்கென்று பூட்டுவார்கள். தலையைத் திருப்ப முடியாது, வாயைத் திறக்க முடியாது. எச்சில் விழுங்குவதே பெரும்பாடு. “ஏதாச்சும்னா கைய மட்டும் தூக்குங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு டெக்னீசியன் தம்பி வெளியே போவார். கனமான கதவு மூடிக்கொள்ளும். முதல் நாள் கதவு மூடுவதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டேன். அவர் வந்து கழற்றினார், தண்ணீர் கொடுத்தார், மறுபடி பூட்டினார். மறுபடி தூக்கினேன். வெட்கமாக இருந்தது, ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரியது. இப்போது தூக்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையை நினைத்துக்கொள்கிறேன். அங்கே இதைவிட நெடுநேரம் ஒருவர் அடைந்து கிடந்தார்.

அவர் என் அப்பா. கடலூர் – சிதம்பரம் ரூட்டில் கண்டக்டர். “ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், செதம்பரம்! செதம்பரம் ஏறு!” என்று அவர் கூவினால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பவர்கள் பாதி டீயோடு ஓடி வருவார்களாம். பள்ளி லீவில் சில சமயம் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பித்தளை விசில் தொங்கும். நெரிசலில் விசிலை எடுக்க முடியாவிட்டால் உள்ளங்கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் அறைவார். ஒரு அறை என்றால் நில். இரண்டு அறை என்றால் ரைட், போகலாம். அவ்வளவு பெரிய வண்டி அப்பாவின் உள்ளங்கைக்குக் கட்டுப்படுவதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஒரு கோடையில் அந்தக் குரல் உடைந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில்தான் பாதி நாள் இருப்பார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும்.

“மச்சான், நீ கத்துற கத்துக்குத் தொண்ட கட்டாம இன்னா பண்ணும்? பனங்கல்கண்டும் மொளகும் வாயில போட்டு அடக்கிக்க. தன்னால சரியாவும்.”

அப்பா அடக்கிக்கொண்டார். சித்தரத்தையையும் மென்றார். பக்கத்தில் போனாலே சித்தரத்தை வாசனைதான். புதுச்சத்திரத்தில் ஏறுகிற மீன்காரம்மா, “இன்னா கண்டக்டரே, சேவல முழுங்கிட்டியா?” என்று கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பாவும் கரகரவென்று சிரித்தார். ஆடி முடிவதற்குள் அவரால் இட்லியைக்கூட விழுங்க முடியவில்லை.

மாமாதான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது அப்பாவின் கழுத்தில் இரண்டு பக்கமும் ஊதா மையில் கட்டம் போட்டிருந்தது. அதைக் கழுவக்கூடாதாம், சோப்பு படக்கூடாதாம். விசில் கயிறு அந்தக் கட்டத்தில் உரசியதால் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. என்னை மட்டும் மாமா சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பாப்பா, அப்பாவுக்குக் கரண்டு வச்சிருக்காங்க. ஒடம்பெல்லாம் கரண்டு. கிட்டப் போவக்கூடாது, தொடக்கூடாது. சின்னப் புள்ளைங்களுக்கு ஆவவே ஆவாது.”

“அம்மாவுக்கு?”

“யாருக்கும்தான்.”

மாமா பொய் சொல்கிற ஆள் இல்லை. அங்கே அந்த மெஷின் இருக்கிற அறை வாசலில் யாரோ, ‘உள்ளே கரண்டு இருக்கு, புள்ளைங்கள கிட்ட விடாதீங்க’ என்று சொல்லியிருப்பார்கள். மாமா அந்த அறைக்குச் சொன்னதை அப்பாவுக்குச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இது நானாக யூகிப்பதுதான். அம்மா நம்பினாள். அதைவிட, அப்பாவே நம்பினார்.

முன்னறை அவருக்கு ஒதுக்கப்பட்டது. தெருவைப் பார்த்த கம்பி ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேஜை விசிறி. அம்மா கஞ்சியையும் இளநீரையும் அந்த அறையின் வாசற்படி ஓரம் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அவள் நகர்ந்தபிறகுதான் அப்பா எழுந்து வந்து எடுப்பார். அவர் பாயை அவரே சுருட்டிக்கொள்வார், துணியை அவரே அலசிக்கொள்வார். காலையில் மாமாவோடு பஸ்ஸேறி பாண்டிச்சேரி போவார், மத்தியானம் வந்து மறுபடி அந்த அறைக்குள் போய்விடுவார்.

தெருவுக்கு அம்மா மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தாள். அதனால் வந்த வினை, ஆளுக்கொரு கட்டு கீழாநெல்லியோடு வாசலில் நின்றார்கள். அம்மா ஒவ்வொரு கட்டையும் மரியாதையாக வாங்கி, அரைக்கிற மாதிரி அம்மியைச் சத்தப்படுத்தி, பிறகு எல்லாவற்றையும் சாக்கடையில் போட்டாள். நம் அம்மாக்கள் எவ்வளவு கெட்டிக்காரிகளாக இருந்திருக்கிறார்கள்! அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு துளியை மாமாவிடம் இரண்டு கேள்வி கேட்கச் செலவழித்திருக்கலாம். ஆனால் அந்த வியாதியைப் பற்றிக் கேள்வி கேட்பதே அதைக் கூப்பிடுவது என்று நினைத்த காலம் அது. என் சிநேகிதிகள் வீட்டுக்கு வரக்கூடாது, நானும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது, போனால் வாயை விட்டுவிடுவேனாம். பள்ளிக்கூடம், சமையலறை, கொல்லை, அவ்வளவுதான் என் உலகம். அப்பாவுக்கு அதுவும் இல்லை.

பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் எதற்காவது கூப்பிட வேண்டும் என்றால் ஆணியிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். கொஞ்ச நாளில் தொண்டை வெந்துபோய் ஊதவும் முடியவில்லை. அதற்குப் பிறகு கட்டில் சட்டத்தில் அறைய ஆரம்பித்தார். கஞ்சி வேண்டுமா என்றால் ஒன்றோ இரண்டோ. ஒன்று வேண்டாம், இரண்டு சரி. அம்மாவுக்கும் எனக்கும் அந்தப் பாஷை ஒரே நாளில் பழகிவிட்டது. விசில் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறும்போது தேடியிருக்கிறோம்.

நான் அதிகம் கேட்டது அவருடைய ஒற்றை அறையின் சத்தத்தைத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசற்படியில் ஒரு காலை வைப்பேன். டப். நில். காலை எடுப்பேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைப்பேன். டப். அவர் முகத்தில் கோபம் இருக்காது. பயம் இருக்கும். எனக்கு அப்பா மடியில் ஒரே ஒரு தடவை உட்கார வேண்டும், அவ்வளவுதான். வேறு எந்த ஆசையும் அந்தப் பருவத்தில் எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நல்ல புழுக்கம். நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்து முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி மெதுவாகி நின்றது. தெருவில் நம் ஆட்கள் வழக்கம்போலக் கத்தினார்கள்.

“கரண்டு போச்சேய்!”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து ஓடினேன். வாசற்படியைத் தாண்டும்போதே அப்பா பலமாக ஒன்று அறைந்தார். நான் நிற்கவில்லை.

“கரண்டு போயிடுச்சிப்பா! தெரு பூரா போயிடுச்சி! இப்ப ஷாக் அடிக்காது!”

அப்பா நின்றுபோன விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சத்தமே வராமல் அவ்வளவு நேரம் ஒருவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு உள்ளங்கையைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

ரைட்.

நான் மடியில் ஏறி உட்கார்ந்தேன். சித்தரத்தை வாசனை போய்விட்டிருந்தது. ஊதா மையும் கருகிய தோலும் கொப்பளிக்கிற சோடா உப்புமாக வேறு வாசனை அடித்தது. அந்தக் கட்டத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று சூடாக இருந்தது. ஷாக் அடிக்கவில்லை. அப்பா என் தலையில் தாடையை வைத்துக்கொண்டார். நம் வயதில் எல்லாம் மறக்கிறது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறோம். அந்தத் தாடையின் கனம் மட்டும் எனக்கு இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். திட்டப்போகிறாள் என்று அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை. வாசற்படியில் நிலையைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். தனக்குப் பக்கத்தில் கட்டிலில் காலியாக இருந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

அம்மா வலது காலை எடுத்து வாசற்படிமேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து விசிறி சுற்ற ஆரம்பித்தது. தெரு கத்தியது.

அப்பா என்னை அள்ளி இறக்கிவிட்டார். அம்மா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கஞ்சி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் அப்போது எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் தினமும் கரண்டு போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். போகவும் போனது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போனது, அப்பா பாண்டிச்சேரியில் இருக்கும்போது போனது. ஒருநாள் மாமா எங்கள் வீட்டில் இருக்கும்போது போனது. நான் எழுந்த வேகத்தில் அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். “அந்தக் கரண்டு வேற, இந்தக் கரண்டு வேற” என்றார். இயற்பியலில் மாமா சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

சிகிச்சை முடிந்தபிறகு குரல் கொஞ்சம் திரும்பியது. காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு குரல். ஆனால் உடம்பிலிருந்து கரண்டு இறங்க ஒரு வருஷம் ஆகும் என்று மாமாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஸ்டூலும் வாசற்படியும் அப்படியே இருந்தன. அந்த ஒரு வருஷம் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷ மழை தொடங்குவதற்குள் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் கதிரியக்கப் பாடம் நடத்தினார்கள். வெளியிலிருந்து பாய்ச்சுகிற கதிர் உடம்பில் தங்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைப் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன், அம்மாவுக்குச் சொல்ல வேளை வரவில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது இன்னும் கூர்மை. எனக்குக் கரண்டு வைக்க ஆரம்பித்ததிலிருந்து அவளே கஞ்சியை ஆற்றி, ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறாள். நான் மேஜையில் தட்டினால் எழுந்து வருவாள், வாசற்படியோடு நின்றுகொள்வாள். என் வீட்டுக்காரர், “அத்தைக்கு நான் வெளக்கிச் சொல்றேனே” என்றார். ஒரு தட்டு தட்டினேன். வேண்டாம். சொன்னால் அந்தச் சொல் என்னோடு நிற்காது, மஞ்சக்குப்பத்து முன்னறைவரை போகும்.

போன வாரம் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். “நான் வரேன்” என்று அம்மா கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே ஒரு இளம்பெண், கழுத்தில் என்னைப்போலவே கறுத்த தோல், மடியில் கைக்குழந்தை. நான் முகத்தில் வலைத்தடத்தோடு வெளியே வரும்போது அம்மா அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, கரண்டு வச்சிகினு பச்சப்புள்ளய மடியில வச்சிருக்கியே, ஒனக்கு அறிவில்ல?”

எனக்குப் பின்னால் வந்த டெக்னீசியன் தம்பி சிரித்தார். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது பாட்டி. மெஷின ஆஃப் பண்ணா அதோட சரி. லைட்ட அணைச்சா ரூம்ல வெளிச்சம் தங்குதா? அந்த மாதிரிதான். ஒடம்புல எதுவும் தங்காது. தாராளமா தூக்கலாம்.”

அம்மா அவரையே பார்த்தாள். “அந்தக் காலத்துலயும் அப்டித்தானா?”

“அது எனக்குத் தெரியல பாட்டி. அப்ப நான் பொறக்கவே இல்லியே. டீச்சரக் கேளுங்க, அவுங்களுக்குத் தெரியும்.”

அம்மா என்னைக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பை நடுவில் இருந்தது. முட்லூர் போனது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தொண்டை எரிந்தது, எச்சில் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. முகமூடிக்குள் இருக்கும்போது கையையாவது தூக்கலாம், இங்கே எதைத் தூக்குவது?

புதுச்சத்திரம் தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பாமலே கேட்டாள்.

“பாப்பா. அன்னைக்கி கரண்டு போனப்ப நீ அவர் மடியில குந்தினு இருந்த. என்னையும் கூப்ட்டாரு. தட்னாரு. நான் வாசப்படியிலயே நின்னுட்டன்.”

பஸ் குலுங்கியது. அவள் இப்போது என் பக்கம் திரும்பினாள்.

“நானும் போயிருக்கலாமாடி? அவரத் தொட்டிருக்கலாமா?”

முன் சீட்டுக் கம்பியில் என் கை இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த பாடம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் அது சரியான விடை.

ஒன்று தட்டினேன்.

அம்மா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொரு தட்டு வருமா என்று பார்ப்பதுபோல. வரவில்லை. “அந்தக் காலத்துக் கரண்டு வேற” என்றாள், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. பிறகு என் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆலப்பாக்கம் வந்தது, காரைக்காடு வந்தது, சிப்காட்டில் ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். கண்டக்டர் பக்கவாட்டில் இரண்டு அறை அறைந்தார். அம்மாவின் விரல்கள் இறுகின, கடலூர் வந்து இறங்கும்வரை விடவில்லை.